பனியைப் படம் பிடித்த விவசாயி

கையில் விழுந்தால் கரைந்துவிடும். மூச்சுக்காற்று பட்டாலே மறைந்துவிடும். அப்படிப்பட்ட பனிப் படிகங்களை ஒரு விவசாயி தன் வாழ்நாள் முழுவதும் படம் பிடித்தார்.

அவர் பெயர் வில்சன் பென்ட்லி. புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல. மாடு வளர்த்து, பால் கறந்து பிழைத்தவர். ஓய்வு நேரத்தில் காமிராவைத் தொட்டவர்.

தாயின் பரிசு

1865-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ந்தேதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஜெரிக்கோ கிராமத்தில் பென்ட்லி பிறந்தார். குளிர்காலத்தில் வயல், கூரை, பாதை எல்லாம் பனியில் மூடிக்கிடக்கும் ஊர் அது.

தாயார் ஆசிரியையாக இருந்தவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பென்ட்லிக்கு 15 வயதானபோது, தன்னிடம் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பை அவரிடம் கொடுத்தார்.

அதன் கீழே ஒரு பனிப் படிகத்தை வைத்துப் பார்த்த பென்ட்லி அசந்துபோனார். ஆறு மூலைகள், ஆறு கிளைகள். புள்ளி வைத்துப் போட்ட கோலம்போல அத்தனை ஒழுங்கு! அதைப் பார்த்துக் காகிதத்தில் வரைய உட்கார்ந்தார். பாதி வரைவதற்குள் படிகம் நீராகிவிட்டது. எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான்.

மைக்ராஸ்கோப்புடன் காமிராவை இணைத்தால் படம் பிடிக்கலாம் என்று அறிந்தார். ஆனால் அதன் விலை சுமார் 100 டாலர். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது பெரும் தொகை. இது வீண் வேலை என்பது தந்தையின் எண்ணம். இருந்தும் மகனுக்காகப் பணம் கொடுத்தார்.

மூச்சை அடக்கி...

காமிரா வந்ததே தவிர, படம் வரவில்லை. கற்றுக்கொடுக்கவும் ஊரில் ஆள் இல்லை. தோல்விமேல் தோல்வி. கடைசியில் லென்சின் துவாரத்தை மிகச் சிறியதாக்கி, கூடுதல் நேரம் ஒளி விழும்படி செய்து பார்த்தார். 1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி முதல் படம் தெளிவாக விழுந்தது. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை.

அவருடைய ஸ்டூடியோ, குளிரில் விறைத்துக்கிடந்த ஒரு விறகுக் கொட்டகை. கறுப்புப் பலகையை நீட்டிப் பனியைப் பிடிப்பார். நல்ல படிகத்தைத் தேர்ந்து, மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். பறவை இறகால் மெதுவாக அழுத்திவிடுவார். மூச்சுச் சூடு படக்கூடாது என்பதால் மூச்சையும் அடக்கிக்கொள்வார். கை நடுங்கினால் போச்சு!

தோட்டத்திலும் காமிரா

பனி கொட்டாத நாட்களிலும் காமிரா சும்மா இருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உறைந்த பனிக்கோலம், வானத்து மேகம், சிலந்தி வலையில் முத்துப்போலத் தொங்கும் பனித்துளி எல்லாவற்றையும் எடுத்தார். உடலெங்கும் பனித்துளி போர்த்தியிருந்த வெட்டுக்கிளியும் அவர் படத்துக்குத் தப்பவில்லை. வெயில் ஏறினால் துளியும் இருக்காது, பூச்சியும் இருக்காது. எல்லாம் விடியற்காலை வேலை.

மழைத்துளியின் அளவை அறிய, தட்டில் மாவைப் பரப்பி மழையில் நீட்டினார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டையானது. அதை அளந்து, துளியின் அளவைக் கணக்கிட்டார். இந்த ஆராய்ச்சி 1904-ல் வெளிவந்தது.

கேலியும் குறையும்

ஊரார் அவரைப் பெரிதாக நினைக்கவில்லை. தெருவெல்லாம் கிடக்கும் பனியைப் படம் எடுப்பானேன் என்று கேலி செய்தார்கள். கிராமத்தில் அவர் படக்காட்சி நடத்தியபோது வந்தவர்கள் வெகு சிலரே.

படம் ஒன்றை 5 சென்டுக்கு விற்றார். வரவைவிடச் செலவுதான் அதிகம். திருமணம் செய்துகொள்ளவில்லை. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொண்டு, பண்ணை வேலையும் பார்த்தார். தாயார் 1906-ல் காலமானார்.

அறிஞர்களிடமிருந்தும் குறை வந்தது. படத்தில் பின்னணி கறுப்பாகத் தெரிவதற்காக, நெகட்டிவின் நகலில் படிகத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பேனாக்கத்தியால் மணிக்கணக்கில் சுரண்டி எடுப்பது பென்ட்லியின் வழக்கம். இதனால் படிகத்தின் உண்மை வடிவம் கெடுகிறது என்று ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹெல்மான் கண்டித்தார். அழகான படிகங்களையே பென்ட்லி தேடித்தேடி எடுத்தார் என்பதும் உண்மைதான். உடைந்தவை, கோணலானவை அவர் படங்களில் குறைவு.

ஆனாலும் அவருக்கு முன்னால் இத்தனை பனிப் படிகங்களைப் படம் பிடித்துக் காட்டியவர் யாரும் இல்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்க்கின்சின் துணையோடு 1898-ல் அவருடைய முதல் கட்டுரை வெளியானது. அமெரிக்க வானிலைக் கழகம் 1924-ல் அவருக்கு உதவித்தொகை அளித்தது. தொகை வெறும் 25 டாலர்!

கடைசிப் பனி

ஒரே காமிராவைக் கொண்டு அவர் எடுத்த பனிப் படிகப் படங்கள் 5,000-க்கும் மேல். அவற்றில் 2,400-க்கும் அதிகமானவை 1931-ம் ஆண்டு இறுதியில் புத்தகமாக வெளிவந்தன. வாழ்நாள் உழைப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார் பென்ட்லி.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த டிசம்பரில் பனிப்புயலில் நெடுந்தூரம் நடந்து வீடு திரும்பினார். நிமோனியா கண்டது. டிசம்பர் 23-ந்தேதி, அவர் பிறந்து வளர்ந்த அதே பண்ணையில் உயிர் பிரிந்தது. வயது 66.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தார். பென்ட்லியின் படங்களைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி நாகாயா, 1936-ல் ஆராய்ச்சிக் கூடத்திலேயே பனிப் படிகத்தை வளர்த்துக் காட்டினார். காற்றின் குளிரும் ஈரமுமே படிகத்தின் வடிவைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினார்.

பென்ட்லி படம் பிடித்த பனியெல்லாம் அன்றைக்கே உருகி ஓடிவிட்டது. பால் கறந்த கை பிடித்துவைத்த வடிவங்கள் மட்டும் இன்னும் கரையவில்லை.