பிள்ளைகளின் படிப்புக்காக வயலில் இறங்க மறுத்த அய்யன்காளி

திருவனந்தபுரம் வெள்ளையம்பலம் சந்திப்பில் தலைப்பாகை அணிந்த ஒருவரின் சிலை நிற்கிறது. 1980-ம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்த சிலை அது. அந்த மனிதர் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் திருவாங்கூர் சமஸ்தானத்தில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளிக் கதவைத் தட்டித் திறந்தவர் அவர்தான். அவர் பெயர் அய்யன்காளி.

1863-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. புலையர் சமூகம். வயலில் உழுவதும் நாற்று நடுவதும் கதிர் அறுப்பதும் அந்த மக்கள். ஆனால் அந்த நெல்லைச் சுமந்துகொண்டு பொதுச்சாலையில் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பெண்கள் மேலாடை அணியத் தடை. சந்தைக்குள் போகத் தடை. பள்ளிக்கூடம் என்பது கனவிலும் எட்டாத இடம்.

வில்வண்டி ஓடியது

1893-ம் ஆண்டு அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டி உடுத்தி, மேல்துண்டு போட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு, தடை செய்யப்பட்ட சாலையில் வண்டியை ஓட்டினார். வழிமறித்தவர்களுக்கு அவர் அஞ்சவில்லை. பின்னர் பாலராமபுரத்தில் தம் மக்களோடு தெருவில் நடந்தபோது பெரிய கைகலப்பு மூண்டது. இரு தரப்பிலும் ரத்தம் சிந்தியது. ஆனாலும் நடப்பது நிற்கவில்லை.

சாலை திறந்தால் மட்டும் போதாது, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், வெங்கானூரில் தாமே ஓலைக்கொட்டகை போட்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதை விரோதிகள் தீ வைத்துக் கொளுத்தினார்கள். அவர் மறுபடியும் கட்டினார்.

கதிர் அறுக்க ஆள் இல்லை

1907-ம் ஆண்டு சாது ஜன பரிபாலன சங்கத்தை அமைத்தார். அதே ஆண்டில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று சமஸ்தானம் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில்தான் இருந்தது. பிள்ளைகளை அழைத்துப் போன இடமெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அய்யன்காளி தம் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் போகாவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்க மாட்டோம் என்று அறிவித்தார். கூலி, ஓய்வு ஆகிய கோரிக்கைகளும் உண்டு. ஆனால் முன்னே நின்றது பள்ளிக்கூடம். கேரளத்தில் விவசாயத் தொழிலாளர் நடத்திய முதல் பெரிய வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

வயல்கள் தரிசாகக் கிடந்தன. நிலக்காரர்கள் தாமே இறங்கிப் பார்த்தார்கள். சேற்றில் கால் நிலைக்கவில்லை. மறுபக்கம் தொழிலாளர் குடிசைகளில் பட்டினி. அந்த வேளையில் கைகொடுத்தவர்கள் கடற்கரை மீனவர்கள். வேலையிழந்தவர்களைத் தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு கொடுத்தார்கள். போராட்டம் நீடித்தது. கடைசியில் அரசு தலையிட்டு சமரசம் செய்து வைத்தது. 1910-ம் ஆண்டு பள்ளிச் சேர்க்கை உத்தரவு மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

எரிந்த பெஞ்சு

அந்த உத்தரவை நம்பி, பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் அய்யன்காளி. தலைமையாசிரியர் மறுத்தார். அய்யன்காளி உள்ளே போய்ச் சிறுமியை பெஞ்சில் உட்கார வைத்தார். கலவரம் வெடித்தது. ஒரு குழந்தை உட்கார்ந்த குற்றத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். அதில் பாதி கருகிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1911-ம் ஆண்டு அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சபையில் அவர் கேட்டவை இவைதான்: குடியிருக்க நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, படித்தவர்களுக்கு அரசு வேலை.

அன்றைய திருவாங்கூர் இன்றைய கேரளத்தோடு முடிந்துவிடவில்லை. நாகர்கோவிலும் செங்கோட்டையும் அதில் இருந்தன. பீர்மேடும் தேவிகுளமும் அதில்தான் இருந்தன. எனவே அவர் வாங்கித் தந்த உரிமை, மலையேறித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் சேர்ந்த உரிமை.

பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கும் நிலைமை வேறல்ல. 1924-ல் கல்பாத்தித் தெருக்களில் யார் நடக்கலாம் என்பதற்கே தகராறு நடந்தது. அந்த நாட்களில் அகத்தேத்தறையில் டி.ஆர்.கிருஷ்ணசுவாமி ஐயர் சபரி ஆசிரமத்தை அமைத்து, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் தங்க வைத்துப் படிக்க வைத்தார். தெற்கே மூட்டிய விளக்கு வடக்கேயும் எரிந்தது.

பத்து பட்டதாரிகள்

1936-ம் ஆண்டு நவம்பரில் திருவாங்கூர் மகாராஜா கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அடுத்த ஜனவரியில் சமஸ்தானத்தில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள், வெங்கானூருக்கே வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அப்போது முதியவர் வெளியிட்ட ஆசை, பொன்னோ பொருளோ அல்ல. தாம் கண்மூடுவதற்குள் தம் சமூகத்தில் பத்து பேர் பி.ஏ. படித்துவிட வேண்டும் என்பதே.

1941-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அய்யன்காளி காலமானார். இரண்டே ஆண்டுகளில், 1943-ல், உழவூர் கிராமத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பத்து இளைஞர் ஒருவர் திருவாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய எம்.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அவர்தான் 1997-ல் நாட்டின் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன்.

உழைப்பைத் தவிர வேறு சொத்தில்லாதவர்கள், ஒரு தலைமுறைக் காலம் அடியும் பட்டினியும் பொறுத்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தார்கள். வீட்டில் கஷ்டம் என்று பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்கு அனுப்ப நினைக்கும் தகப்பன், அந்தக் கருகிய பெஞ்சை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.