ஆற்றில் இட்ட சோறு

கி.மு. 340ஆம் ஆண்டளவில் சீனத்தின் தென்பகுதியான சு நாட்டில், அரச குடும்பத்தின் கிளை ஒன்றில் பிறந்தவர் சூ யுவான். ஹுவாய் மன்னன் அவையில் உயர்பதவி வகித்து, சட்டங்கள் வகுக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். மேற்கே வலுத்துவந்த சின் நாட்டை எதிர்க்கக் கிழக்கிலிருந்த சி நாட்டுடன் நட்புக் கொள்வதே நலம் என்பது அவர் கொள்கை. பொறாமை கொண்டோர் கோள் மூட்டினர். மன்னன் அவரை விலக்கினான். கி.மு. 299இல் சின் நாட்டின் அழைப்பை ஏற்றுச் சென்ற மன்னன், அங்கேயே சிறைப்பட்டு மடிந்தான். அடுத்து அரியணையேறிய மகனோ சூ யுவானை நாடு கடத்தினான்.

அலைந்து திரிந்த துயரமே அவருடைய கவிதையாயிற்று. ‘லி சாவ்’ என்னும் நெடும்பாடல் சீன இலக்கியத்தின் தொன்மைச் செல்வங்களுள் ஒன்று. கி.மு. 278இல் சின் படை தலைநகரைக் கைப்பற்றியது. அதன்பின் அவர் கல்லொன்றைத் தழுவியவாறு மிலுவோ ஆற்றில் மூழ்கினார் என்பது வரலாற்றாசிரியர் சிமா சியென் தரும் செய்தி.

அவரைக் காக்க மீனவர் படகுகளில் விரைந்தனர் என்றும், உடலை மீன்கள் தீண்டாதிருக்க ஆற்றில் சோறு இட்டனர் என்றும் மக்கள் வழக்குக் கூறும். ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளில் நிகழும் நாகப்படகுத் திருவிழா இவ்வாறு அவர் நினைவோடு இணைந்தது. விழா அவருக்கும் முந்தியது என்பாரும் உளர். ஆயினும் மக்கள் மனம் அதை அவருக்கே உரிமையாக்கிவிட்டது. அந்நாளில் இலையில் பொதிந்து அவிக்கும் ஒட்டரிசிப் பண்டம், நம் கார்த்திகைத் திருநாளின் ஓலைக் கொழுக்கட்டையை நினைவூட்டும். 2008 முதல் அந்நாள் சீனத்தில் பொது விடுமுறை; 2009இல் யுனெஸ்கோ அவ்விழாவை மானுட மரபுச் செல்வமாக ஏற்றது.

புதியம்புத்தூர் மக்களுக்கு இது அயலான செய்தியன்று. அண்டையிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஆயினும் வீரசக்கதேவி ஆலய விழாவில் கட்டபொம்மன் நினைவு ஆண்டுதோறும் உயிர்பெறுகிறது. 1799 அக்டோபர் 16இல் அவர் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், வழிப்போக்கர் ஆளுக்கொரு கல் இட்டு வணங்கியதால் கற்குவியலே எழுந்தது என்பர். அங்கே சோறு, இங்கே கல். சூ யுவானைத் துரத்திய அவை அழிந்தது. அவையை வென்ற சின் பேரரசும் கி.மு. 206இல் வீழ்ந்தது. எளியோர் கையால் இட்ட ஒருபிடிச் சோறோ இன்றும் நிலைத்திருக்கிறது.