திருவஹீந்திரபுரத்தில் ஸ்வாமி தேசிகன்

ஸ்ரீமந் நிகமாந்த மஹாதேசிகன் 1268ஆம் ஆண்டு புரட்டாசித் திருவோணத்தன்று, காஞ்சியை அடுத்த தூப்புலில் அனந்தஸூரியார், தோதாரம்பை தம்பதிகளின் திருக்குமாரராய் அவதரித்தார். 5ஆம் பிராயத்தில் அம்மான் கிடாம்பி அப்புள்ளாருடன் நடாதூர் அம்மாளின் காலக்ஷேப கோஷ்டிக்குச் சென்றார். பாலகரை விசாரித்துக்கொண்டிருந்ததில் அம்மாளுக்கு விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. பாலகரே அதனை எடுத்துரைத்தார். அம்மாள் அகமகிழ்ந்து ஆசீர்வதித்தருளினார். பின்னர் அப்புள்ளாரிடம் பயின்று, 20 பிராயத்திற்குள் ஸகல சாஸ்திரங்களிலும் தேர்ந்தார்.

ஆயினும் கற்றதே போதும் என்றிருந்தாரல்லர். நூலியற்றப் புகுமுன் பகவானின் அருளை நாடினார். ஆசார்யர் உபதேசித்த கருட மந்திரத்தையே துணையாகக் கொண்டு திருவஹீந்திரபுரம் எழுந்தருளி, ஔஷதகிரியில் அமர்ந்து ஜபித்தார். பெரிய திருவடி பிரத்யக்ஷமாகி ஹயக்ரீவ மந்திரத்தை அளிக்க, அதனை ஜபிக்குங்கால் பரிமுகப் பெருமான் காட்சி தந்து அநுக்ரஹித்தான் என்பர் பெரியோர். அதன் பின்னரே ஹயக்ரீவ ஸ்தோத்திரமும், தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிரந்தங்களும் அவரால் அருளிச்செய்யப்பட்டன. 1369இல் ஸ்வாமி திருநாடு அலங்கரித்தார்.

கல்வி தொடங்கும் சிறுவரை ஹயக்ரீவன் ஸந்நிதியில் ஸேவிக்கச் செய்யும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. கற்பது நம் முயற்சி; கற்றது பலிப்பது அவன் அருள்.