விறகுக்குக் கணக்குப் பார்த்தவர்



பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும், இடிமழையில் பட்டம் விட்டவர் என்பதுதான் உங்கள் நினைவுக்கு வரும். அது 1752-ல் நடந்தது. அதற்குச் சுமார் பத்து ஆண்டு முன்பே அவர் தலையைக் கொடுத்த விஷயம் வேறு: வீட்டு விறகுச் செலவு.

1706-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். மொத்தம் 17 பிள்ளைகள். பிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகினார். 17 வயதில் அங்கிருந்து ஓடி, பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். பிறகு சொந்த அச்சகம், சொந்தப் பத்திரிகை என்று வளர்ந்தார்.

அங்கே குளிர்காலத்தில் நெருப்பில்லாமல் வீட்டில் இருக்க முடியாது. சுவரோடு கட்டிய திறந்த கணப்பில் விறகை எரிப்பார்கள். வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். சூடான காற்று மேலே போகப் போக, கதவு ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று உள்ளே நுழையும். முகம் வேகும், முதுகு விறைக்கும். ஊரருகே காடுகள் குறைந்து, தூரத்திலிருந்து வந்த விறகின் விலையும் ஏறிக்கொண்டே போனது. ஏழைகளுக்கு அது பெரும் பாரம்.

பிராங்க்ளின் வார்ப்பிரும்புத் தகடுகளால் ஒரு கணப்பு செய்தார். நெருப்புக்குப் பின்னால் ஒரு காற்றுப் பெட்டி. புகை நேரே மேலே போகாமல், பெட்டியின் மேலேறி, பின்பக்கம் கீழிறங்கி, அதன்பிறகே புகைபோக்கிக்குள் போகும். அதற்குள் இரும்பு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெளிக்காற்று பெட்டிக்குள் வந்து சூடாகி அறைக்குள் பரவும். பழைய விறகில் கால் பங்கே எரித்து, இரண்டு மடங்கு கதகதப்பு கிடைத்தது என்று 1744-ல் வெளியிட்ட சிறுநூலில் கணக்குக் கொடுத்தார். வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இந்த வரவு செலவு மிகவும் பிடித்தது.

மாகாண ஆளுநர் அவருக்குக் காப்புரிமை தர முன்வந்தார். பிராங்க்ளின் மறுத்தார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயனடைகிறோம், நாமும் அப்படியே கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதைச் சற்றே மாற்றி, தானே காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தார். பிராங்க்ளின் வழக்குக்குப் போகவில்லை.

அந்தக் கணப்பில் குறையும் இருந்தது. புகை கீழிறங்கிப் போக வேண்டியிருந்ததால், நெருப்பு தணிந்தால் புகை அறைக்குள் திரும்பும். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். எவரும் செய்யலாம் என்று திறந்து விட்டதால், திருத்தவும் யாருக்கும் தடை இருக்கவில்லை.

நம்மைப் போன்ற சங்கத்தாருக்கு இன்னொரு செய்தி. அவர் தெரு குப்பையாகக் கிடந்தது. வாரம் இருமுறை பெருக்க ஓர் ஏழை உழைப்பாளியை ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு மாதம் 6 பென்ஸ். அதன் நன்மைகளை அச்சடித்து வீடு வீடாக அனுப்பினார். ஓரிரு நாளில் அவரே நேரில் போய்க் கேட்டார். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

1790-ல், 84 வயதில் காலமானார். பராமரிப்புத் தொகைக்காக மாடி மாடியாக ஏறி இறங்கும் நம் பொருளாளர், அந்தக் கையெழுத்துச் செய்தியை மட்டும் இரண்டு முறை படிப்பார் என்று நினைக்கிறேன்.