அளவை நெறி வகுத்த அகளங்க தேவர்

சமண அளவை நூலுக்கு உருவம் தந்த ஆச்சாரியர்களுள் தலையாயவர் அகளங்க தேவர். கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவரும் இளவல் நிகளங்கரும் தம் சமயத்தை மறைத்துப் பௌத்த மடத்தில் தர்க்கம் பயின்றனர் என்றும், உண்மை வெளிப்பட்டுத் தப்பி ஓடுகையில் நிகளங்கர் கொல்லப்பட்டார் என்றும் மரபு கூறும். மாற்றார் கொள்கையை அவர்தம் வாயிலாகவே கற்கத் துணிந்ததற்குத் தம்பியின் உயிரே விலையாயிற்று. பின்னர்க் காஞ்சியில் ஹிமசீதள மன்னன் அவையில் அகளங்கர் பௌத்தர்களை வாதில் வென்றார் என்பது தமிழ்ச் சமணர் போற்றும் செய்தி. ஹிமசீதளன் அவை வெற்றியைச் சிரவணபெளகொளாவின் 1129-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் குறிக்கிறது.

அறிந்தேன் என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு எப்போது உண்டாகிறது என்பதே அவர் ஆராய்ந்த வினா. திக்நாகர் வழிவந்த பௌத்தர் காட்சி, அனுமானம் என அளவை இரண்டே என்றனர். புகையுள்ள இடமெங்கும் நெருப்புண்டு என்னும் பொதுத் தொடர்பை அறியாமல் அனுமானம் பிறவாது. கண் எதிரிலுள்ள புகையை மட்டுமே காணும். அனுமானத்தால் அத்தொடர்பை நிறுவப் புகின், அதற்கும் வேறொரு தொடர்பு வேண்டும். ஆதலின் அத்தொடர்பை அறியும் தர்க்கம் தனி அளவையே என்று அகளங்கர் நிறுவினார். லகீயஸ்திரயம் முதலிய நூல்களில் பொறியறிவை உலக வழக்கில் பிரத்தியட்சம் என ஏற்று, நினைவு, மீளறிவு, தர்க்கம், அனுமானம், ஆகமம் ஆகிய ஐந்தையும் பரோட்சம் என வகுத்தார்.

பழனிக்கு அருகேயுள்ள ஐவர்மலையில் இவ்வளவைகளைத் தெளிவாக உணரலாம். பாறையில் தீர்த்தங்கரர் திருமேனியைக் காண்பது பொறிக்காட்சி. நம் ஊர் ஜினாலயத்துப் பாம்புக்குடை மனத்தில் எழுவது நினைவு. இவரும் அப்பார்சுவநாதரே எனத் தெளிவது மீளறிவு. திருமேனி உள்ள இடத்தில் அதைச் செதுக்குவித்தோர் இருந்திருப்பர் என்னும் தொடர்பை அறிவது தர்க்கம். இங்கும் அறவோர் வாழ்ந்தனர் எனத் துணிவது அனுமானம். நம்பத்தக்கோர் சொல்லால் பெறுவது ஆகமம். கி.பி. 870-இல், வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவ பட்டாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டின் சொல்லாலேயே அறிகிறோம்.

சிறு சமூகமாகிய தமிழ்ச் சமணர்க்கு நினைவும் கேள்வியுமே பெருஞ்செல்வம். அவற்றை மெய்யறிவின் வாயில்களாக ஏற்ற அகளங்கர், முரண்படாது நிற்பதே அறிவு என்னும் உரைகல்லையும் உடன் வைத்தார். முன்னோர் சொன்னதைப் போற்றுதலும் அதனை ஆராய்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள் என்பதே அவர் வாழ்வு காட்டும் நெறியாகும்.