குதிரை மருத்துவர் மூர்கிராப்ட்

வில்லியம் மூர்கிராப்ட் 1767-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் லங்காஷயரைச் சார்ந்த ஆர்ம்ஸ்கர்க் என்னும் ஊரிற் பிறந்தவர். லிவர்ப்பூல் நகரில் இரண வைத்தியம் பயின்று வருநாளில், கால்நடைகளைப் பற்றிய கொள்ளைநோயொன்றை ஆராயும் பணி அவர்பால் வந்தது. மந்தை மந்தையாய் மாடுகள் மடிந்தன. காரணம் கூறவல்லார் இலர். அந்நாளில் அந்நாட்டு விலங்கு வைத்தியர் பெரும்பாலும் லாடமடிக்கும் கொல்லரே. மக்கள் வைத்தியத்தை விடுத்து வாயில்லாப் பிராணிகளின் வைத்தியத்தைக் கைக்கொள்ளத் துணிந்தார் மூர்கிராப்ட். நண்பர் இதனை இழிவெனக் கருதினர். இரண வைத்தியத்தில் தலைசிறந்த ஜான் ஹண்டரோ அவர் துணிவை ஆதரித்தார்.

அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரி அப்பொழுது இங்கிலாந்தில் இல்லை. ஆதலின் 1790-ஆம் ஆண்டளவில், புரட்சி மூண்டிருந்த பிரெஞ்சு நாட்டிற்குச் சென்று, 1762-இல் திறக்கப்பெற்ற லியோன் கல்லூரியிற் பயின்றார். பின்னர் லண்டனில் ஆக்ஸ்போர்டு வீதியில் குதிரை மருத்துவமனை அமைத்துப் பெரும்பொருள் ஈட்டினார். இயந்திரத்தால் லாடம் செய்யப் புகுந்து, ஈட்டியதிற் பெரும்பகுதியை இழந்தார்.

குதிரையின் நோய்களுள் அவர் மிக ஆராய்ந்தது கால்நோயே. குளம்பினுள் நோயுற்ற குதிரைக்கு வெளியே வீக்கமும் புண்ணும் தோன்றாமை உண்டு. நிற்குங்கால் நோயுற்ற முன்காலைச் சற்று முன்னே நீட்டிப் பாரத்தை மற்றைக்கால்மேல் இடும். நடக்குங்கால் அடியைக் குறுக்கி வைக்கும். அது தன் நோவைச் சொல்லும் மொழி இஃதே. மருந்தாற் றீராத இந்நோவுக்கு, குளம்பிற்குச் செல்லும் உணர்ச்சி நரம்பை அறுத்துவிடும் முறையை முதன்முதற் கையாண்டவருள் மூர்கிராப்ட் ஒருவர். நொண்டிய குதிரை நேரே நடக்கும். ஆயினும் நோவு நீங்கியதேயன்றி நோய் நீங்கியதன்று. பின்னர் அக்குளம்பில் ஆணி தைப்பினும் குதிரை அறியாது. உடையவனே நாடோறும் பாதத்தைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும். உதவியும் கேடும் ஒருங்கே விளைக்கும் இச்சிகிச்சையை எளிதிற் புகழ்தலும் அரிது, பழித்தலும் அரிது.

1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைப் பீகாரிலுள்ள பூசா என்னும் இடத்துக் குதிரைப் பண்ணைக்குத் தலைவராக்கினர். படைக்கேற்ற பெருங்குதிரைகள் ஆங்கு அருகியிருந்தன. தீனியின் குறையும் நோய்க்கு வித்தென்று கண்ட அவர், அந்நிலத்தில் ஓட்ஸ் பயிரிடுவித்தார். எனினும் நல்லினப் புரவிகளை நடு ஆசியாவிலன்றிப் பெறுதல் இயலாதென்பது அவர் கொண்ட முடிபு. 1812-இல் துறவி வேடம் பூண்டு, இமயங் கடந்து மானசரோவரம் வரை சென்று மீண்டார். 1819-இல், ஐம்பது வயது கடந்த நிலையில், டிரெபெக் என்னும் இளைஞரோடு புகாராவை நோக்கிப் புறப்பட்டார். கம்பெனியார்க்கு இச்செலவில் ஊக்கமில்லை. நாளடைவில் அவரது ஊதியத்தையும் நிறுத்தினர்.

லடாக்கின் தலைநகராகிய லேயில் ஈராண்டு தங்க நேர்ந்தது. ஆங்குக் கண்படலம் முதலிய நோயுற்ற ஏழைமக்கள் அவர் கூடாரத்தைச் சூழ்ந்தனர். இளமையில் விடுத்த மக்கள் வைத்தியம் மீண்டும் அவர் கைக்கு வந்தது! காசுமீரமும் காபூலும் கடந்து, 1825 பிப்ரவரியிற் புகாரா புகுந்தார். ஆறாண்டு நடந்து தேடிய பெருங்குதிரைகள் ஆங்குச் சிலவே கிடைத்தன. போர்களால் அவ்வினம் அருகிவிட்டது. திரும்பும் வழியில், இன்னும் குதிரை தேடி அந்த்கோய் என்னும் ஊருக்குத் தனியே சென்றவர், 1825 ஆகஸ்டு மாதத்தில் சுரங்கண்டு இறந்தார். டிரெபெக்கும் சின்னாளில் மாண்டார்.

அவர்தம் பிரயாணக் குறிப்புக்கள் 1841-இல் நூலாக வெளிவந்தன. உடல் பால்க் நகர்க்குக் கொணரப்பட்டு, ஊர்ப்புறத்தே ஒரு மண்சுவரின் அருகில் அடக்கம் செய்யப்பெற்றது. 1832-இல் அவ்வழிச் சென்ற பர்ன்ஸ் என்பார் அக்கல்லறையை நிலவொளியிற் கண்டனர்.