இடிக்கு வழி காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின்

இந்த இதழில் நான் எழுதப்போவது பெஞ்சமின் பிராங்க்ளின் வரலாறு. காந்தம், மின்சாரம் பாடத்துல பட்டம் விட்டவர்னு ஒரு வரி வருமே, அவர்தான்.

ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், எங்க வீட்டு கிரைண்டர்தான் காரணம். ஈரக்கையோட தொட்டா சுள்ளுனு இழுக்கும். அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் மாவாட்டுவாங்க. கடைசியில எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் டெஸ்டரை கிரைண்டர் உடம்பில் வைத்ததும் விளக்கு எரிந்தது. பிளக்கைப் பார்த்தால் மேலே இருக்கும் நீளமான பின் இல்லை. ரெண்டு ஓட்டை பாக்ஸ்ல சொருகணும்னு நாங்கதான் அதை உடைச்சிருந்தோம். அதுதான் எர்த் பின். அம்மா, இழுக்காத மாதிரி மட்டும் பண்ணிக் குடுத்தா போதும் தம்பின்னு கேட்டாங்க. அவர் முடியாதுன்னுட்டார். கொல்லைப்புறத்துல இருந்த எர்த் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் புதுசா போட்டு, தண்ணி ஊத்தி, அங்கேயிருந்து பச்சை ஒயர் இழுத்த பிறகுதான் கிரைண்டரைப் போட்டார். இதையும் இடிதாங்கியையும் கண்டவங்க ஒரே ஆளு மாதிரிதான் யோசிச்சிருக்காங்கன்னு அவர் சொன்னது எனக்கு மனசுல நின்னுது. அதனால தேடிப் படிச்சேன்.

பிராங்க்ளின் 1706 ஜனவரி 17 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-வது. பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம்தான். 10 வயசுல படிப்பு நின்றுவிட்டது. 12 வயசுல அண்ணனுடைய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் அடிப்பாராம். 17 வயசுல யாரிடமும் சொல்லாமல் பிலடெல்பியா நகரத்துக்கு ஓடிப்போனார். அங்கே சொந்த அச்சகம், செய்தித்தாள், வருஷா வருஷம் பஞ்சாங்கம் என்று நன்றாக முன்னேறினார். 1731-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நூலகமும், 1736-ல் தீயணைக்கும் சங்கமும் தொடங்கினார். அப்போதெல்லாம் தீப்பிடித்தால் தெருவே போய்விடும்.

நாற்பது வயசுக்குப் பிறகுதான் மின்சாரத்துக்கு வந்தார். அப்போ கரண்ட் கம்பி, பல்பு எதுவும் கிடையாது. கண்ணாடிக் குழாயைத் தேய்த்து மின்சாரம் உண்டாக்கி, லெய்டன் ஜாடி என்ற கண்ணாடி ஜாடியில் சேர்த்து வைப்பார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம இன்னிக்கு பாட்டரியில படிக்கிறதெல்லாம் இவர் வைத்த பெயர்தான்.

இவருக்கே ஷாக் அடிச்ச கதை நம்ம புத்தகத்துல இல்லை. 1750 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால், நண்பர்கள் முன்னிலையில் ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொன்று காட்டப் பார்த்தார். ரெண்டு பெரிய ஜாடி நிறைய மின்சாரம் ஏற்றி வைத்திருந்தார். சுத்தி நின்னவங்க பேச்சுல கவனம் சிதறி, ஒரு கையால் ஜாடியின் மேல் கம்பியையும், மறு கையால் வெளிப்பக்கச் சங்கிலியையும் பிடிச்சுட்டார். மொத்தமும் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கைக்குப் போய்விட்டது. சிறிது நேரம் நினைவே இல்லை. பிறகு உடம்பெல்லாம் நடுங்கியது. கை மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தது, நெஞ்செலும்பு பல நாள் வலித்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அண்ணனுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடுவது ஏன் ஆபத்து என்றால், இதயம் நடுவுலதான இருக்கு. எலக்ட்ரீசியன் அண்ணன் பாதி நேரம் ஒரு கையைப் பின்னால வச்சுக்கிட்டு வேலை செஞ்சதுக்கு அர்த்தம் அப்புறம்தான் புரிஞ்சுது.

இடியும் மின்சாரம்தான் என்று பிராங்க்ளின் எழுதியிருந்ததை வைத்து, பிரான்ஸ் நாட்டில் மார்லி என்ற ஊரில் 1752 மே 10-ல் உயரமான கம்பி நட்டு முதலில் நிரூபித்தார்கள். அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் ஜூன் மாதம் இவரும் பட்டம் விட்டார். பட்டத்தின் மேல் இடி விழுந்தது என்று பலபேர் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைச்சேன். விழவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கே செத்திருப்பார். மேகத்தில் இருந்த மின்சாரம் நனைந்த நூல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நூலில் கட்டிய சாவியில் பொறியாக வந்தது. அவர் மழை படாத இடத்தில் நின்று, நனையாத பட்டு நாடாவைத்தான் கையில் பிடித்திருந்தார்.

அதே வருஷம் தன் வீட்டுக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதை மாடிப்படி வழியாக இறக்கி, கீழே பம்பின் இரும்போடு சேர்த்தார். நடுவில் கம்பியை வெட்டி ரெண்டு மணி கட்டி வைத்தார். மின்சார மேகம் வந்தால் மணி தானாக அடிக்கும். ஒரு ராத்திரி விரல் தடிமனுக்கு வெள்ளை ஒளி மணிக்கு மணி பாய்ந்து, படிக்கட்டே பகல் போல் ஆனதாம். அவருக்கு வேடிக்கை. ஆனா அவர் 1757-ல் லண்டனுக்குப் போனபிறகு, வீட்டில் இருந்த மனைவி டெபோரா அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்து நடுங்கினார். ரெண்டு மணியையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் சத்தம் வராது என்று 1758-ல் கடிதம் எழுதினார். இதை வீட்டை விட்டுப் போகும்போதே செய்திருக்கக் கூடாதா?

கம்பியின் அடி மண்ணில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை ரஷ்யாவில் ரிக்மான் என்ற விஞ்ஞானி உயிரைக் கொடுத்துக் காட்டினார். 1753 ஆகஸ்டில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கூரையிலிருந்து அறைக்குள் வந்த கம்பியை மின்சாரம் அளக்கும் கருவியில் விட்டிருந்தார். பூமிக்குப் போக வழி வைக்கவில்லை. குனிந்து பார்த்தபோது அது அவர் நெற்றியில் பாய்ந்தது. அங்கேயே இறந்தார்.

பிராங்க்ளின் 1753-ம் வருஷப் பஞ்சாங்கத்திலேயே வீட்டுக்காரர்களுக்கு முறையை எழுதியிருந்தார். கம்பி கூரைக்கு மேலே 6 முதல் 8 அடி நிற்க வேண்டும், கீழே 3, 4 அடி ஈரமண்ணுக்குள் இறங்க வேண்டும். ஈரமண் என்பதுதான் முக்கியம். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக இழுக்காது. எங்க குழியில உப்பு, கரி போட்டதும் ஈரம் நிக்கத்தான். இடிதாங்கியும் வீட்டு எர்த்தும் வேற வேற வேலைதான், சந்தேகமில்லை. ஆனா ரெண்டுலயும் மனுஷ உடம்பைவிட சுலபமான வழி மின்சாரத்துக்குக் கொடுக்கிறோம். மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது, அது முதலில் சேரணும், கடைசியில் பிரியணும் என்பதற்காக. நாங்க உடைச்சது அதைத்தான்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள விட்டுவிட்டார். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதே 1753-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது.

1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர். வீட்டில் அடிமைகள் வைத்திருந்தவர், வயதான காலத்தில் 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கே தலைவரானார். தாமதம்தான். டெபோரா 1774-ல் இறந்தபோது இவர் லண்டனில்தான் இருந்தார்.

பிறகு பல வருஷம் பிரான்ஸில் தூதராக இருந்துவிட்டு 1785-ல் ஊர் திரும்பினார். வீட்டைப் பெரிதாக்கும்போது கூரைக் கம்பியைப் பார்த்தால், 9 அங்குலம் இருந்த செம்பு முனை உருகிப் போய்க் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அவர் இல்லாத நேரத்தில் இடி விழுந்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1790 ஏப்ரல் 17-ல் தனது 84-வது வயதில் பிலடெல்பியாவில் இறந்தார். டெபோராவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.